அழுத்து, பிடி, விடு

இடப்பக்கம் இழுத்தது வண்டி.
இடப்பக்கம்தான் பள்ளம்.
அக்பைத்தால் கணவாய் இறக்கத்தில்
பிரேக்கில் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும்
முர்காபில் ஏற்றிய மாவு மூட்டைகளோடும்
கராகுல் போகும் ஆறு பேரோடும்
பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நின்றது
என்னைவிட மூன்று வயது மூத்த உவாஸ் ஜீப்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
டயர்க் காற்று என்றார் தபால்காரர்.
பேரிங் என்றான் டப்பாவில் பெட்ரோல் விற்கிற பையன்.
கால்நடை மருத்துவர் சுற்றிச் சுற்றி வந்து
பல்லைப் பிடித்துப் பார்க்காத குறையாக
விற்றுவிடு என்றார்.
ஷூ மாற்றினேன். டிரம் தேய்த்தேன்.
இழுப்பது இழுத்துக்கொண்டேதான் இருந்தது.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில்.
துருப்பிடித்த நிப்பிளை முனை மழுங்காமல் திறக்கிறவன்
இந்த ஊரில் ஒருவன்தான்.
அவனிடமிருந்து விவாகரத்து வாங்கி
நாலு குளிர்காலம் ஆகிறது.
வண்டி எனக்கு, வீடு அவனுக்கு.
ஸ்பானர் பெட்டி யாருக்கென்று தீர்ப்பில் இல்லை.

இரிஸ்பெக் வந்தான். நலம் விசாரிக்கவில்லை.
ஜாம் பாட்டிலில் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி
ரப்பர்க் குழாயின் நுனியை அதில் முக்கி
அடியில் நுழைந்தான்.
எனக்குத் தெரிந்தது பூட்ஸ் மட்டும்.
அழுத்து, என்றன பூட்ஸ்.
பிடி.
விடு.
தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து
ஒவ்வொன்றாக.
அழுத்து. பிடி. விடு.
கல்யாணத்தின் கடைசி வருடத்தில்
நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

முன் வலதில் மட்டும்
ஆயில் யோசித்து யோசித்து வந்தது.
பெடலை நான் விட்ட பிறகும்
சக்கரம் விடவில்லை.
அப்போதுதான் நினைவு வந்தது:
போன வாரம் கணவாயடியில்
அந்த டிரம்மின் மேல் விழுந்த பனி
உஸ்ஸென்று போனது.
வெயில் என்று நினைத்திருந்தேன்.
சூரியன் ஒரு சக்கரத்தை மட்டும் சுடுமா?

ஹோஸைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தான்.
வெளியே ஒரு கீறல் இல்லை.
உள்ளே ரப்பர் ஊதி
ஊசிக் காதளவுதான் வழி.
போவது தாமதமாகப் போகும்.
போனது திரும்பாது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
இதை எதற்கும் உவமையாக்கிவிடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது ஹோஸ். எண்பது சோமோனி. மாற்ற வேண்டும்.

பிறகுதான் சண்டை.
காரா-சூ சந்தையில் வாங்கி
மூன்று மாதமாகக் கட்டிலடியில் வைத்திருந்த
முன் டிஸ்க் இரண்டையும் எடுத்து வந்தேன்.
டிரம் போதும் என்றான்.
அப்பா முப்பது வருடம் டிரம்மிலேயே ஓட்டினார் என்றான்.
உங்கப்பா ஆறு பேரை ஏற்றி
இருட்டில் இறங்கியதில்லை என்றேன்.
பதில் இல்லை.
அரம் கேட்டான்.

பிராக்கெட் இரண்டு மில்லிமீட்டர் தடித்திருந்தது.
அந்த இரண்டு மில்லிமீட்டர்
மதியத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை நீண்டது.
டிஸ்க்குக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் பற்றாது என்று
அவனே போய்ப் பெரியது ஒன்று கொண்டுவந்தான்,
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
மறுபடி காற்று எடுத்தோம்.
இம்முறை "பிடி"யை அவன் சொல்வதற்குள்
நான் பிடித்திருந்தேன்.

கிளம்பும்போது
மிட்டாய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு ஜெட்டை
கார்புரேட்டரில் போட்டுத் திருகினான்.
பழையதைவிடச் சின்னது.
இந்த உயரத்தில் காற்று குறைவு,
பெட்ரோலையும் குறைக்க வேண்டும்,
கறுப்புப் புகையை ஊரே பார்க்கிறது என்றான்.
நாலு வருடமாக
அவனும் பார்த்திருக்கிறான்.

கூலியை ஒரு நோட்டு குறையாமல்
எண்ணி வாங்கிக்கொண்டான்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் இறக்கத்தில்
குறுக்கே ஒரு யாக்.
காலை வைத்தேன்.
வண்டி நேராக நின்றது.
மூட்டைகள் முன்னால் சரிந்தன.
பள்ளிக்கூட வாத்தியாரம்மா மடியில் தேநீர் கொட்டி
என்னைத் திட்டத் தொடங்கி
என் வம்சம் வரைக்கும் போனார்.

இறங்கிப் போய்ப்
புறங்கையை வலது சக்கரத்தருகே வைத்தேன்.
பிறகு இடது.
ஒரே சூடு.
யாக் இன்னும் நகரவில்லை.