இருபத்தொரு நாள்

இணைப் பேராசிரியராக
எனக்குப் பதினோரு மதிப்பெண் குறைவு.
வெளிமாநிலக் கருத்தரங்கில் வாசித்தால் இரண்டு.
களியக்காவிளை தாண்டினால் வெளிமாநிலம்தானே என்றேன்.
முதல்வர் சிரிக்கவில்லை.
தொழிற்கூடத்தில் இருபத்தொரு நாள் பயிற்சி பெற்றால் பத்து
என்றது சுற்றறிக்கை.

திருவனந்தபுரத்தில் இரண்டு நிறுவனங்களுக்கு எழுதினேன்.
ஒன்று பதில் போடவில்லை.
மற்றது வயதைக் கேட்டுவிட்டுப் பதில் போடவில்லை.
பெங்களூர் போகலாம்;
மகளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு.

ஆகவே மார்த்தாண்டத்தில்
மேம்பாலத்துக்குக் கீழே
நேந்திரங்காய் வறுக்கிற கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில்
ஷாஜின் டிஜிட்டல்ஸ்.

ஷாஜின் என் மாணவன்.
எழுத்துருவியல் தாளில் இருமுறை தோற்றவன்.
இருமுறையும் திருத்தியது நான்.
"வாங்க மிஸ்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.
மேலே பாலம் ஒரு லாரிக்கு நடுங்கியது.

முதல் நாள் என் கோப்பு திறக்கவில்லை.
திறந்தபோது
கொம்புகளெல்லாம் எழுத்தை விட்டு விலகி நின்றன,
துணைக்கு ஆளுக்கொரு புள்ளி வட்டத்தோடு.
"இஞ்ச பழைய எழுத்துருதான் மிஸ்.
காலேஜ்ல உள்ளதக் காலேஜ்லயே வச்சிட்டு வாங்க."

ஐந்தாம் நாள் இரவு பத்தேகாலுக்கு ஒரு சாவு.
நட்டாலத்திலிருந்து இரண்டு பேர், ஒரு பைக்,
மடியில் யாருடையதோ கல்யாண ஆல்பம்.
ஐம்பது பேர் நிற்கிற படத்தில்
மூன்றாம் வரிசையில் பாதி முகம்.
மீதியை ஒருத்தியின் மல்லிகைச் சரம் மறைத்திருந்தது.
பத்துக்கு எட்டு அடி. விடியுமுன் வேண்டும்.

பதினான்கு வருடமாக
உருவமும் பின்புலமும் நடத்துகிறேன்.
பூவை வெட்டி எடுத்தால் அங்கே கன்னம் இருக்காது
என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

ஷாஜின் இருந்த கன்னத்தை எடுத்துத் திருப்பி
இல்லாத இடத்தில் ஒட்டினான்.
மச்சம் இரண்டானது. புதியதை அழித்தான்.
வந்தவர்களில் இளையவன்
தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து
"அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கமாக்கும் அப்பாக்கு" என்றான்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
சட்டைப் பை வலது நெஞ்சில் இருந்தது.
ஆல்பம் செய்தவன் பக்கம் நிறையப்
படத்தையே திருப்பியிருக்கிறான்.
சமநிலைக்காகத் திருப்பலாம், தவறில்லை என்று
வருடா வருடம் சொல்பவள் நான்.
அவன் எங்கள் கல்லூரியில் படித்தவனா என்று
நான் கேட்கவில்லை.

ஆரல்வாய்மொழிப் பக்கம் கட்டுகிற பேனருக்குக்
காற்றுப் போக அரைவட்டமாகக் கீற வேண்டும்.
முகத்தில் விழக்கூடாது, பெயரில் விழக்கூடாது.
அதற்குத்தான் அங்கே வெற்றிடம்.
வெற்றிடத்துக்கு நான்
வேறு என்னென்னவோ காரணம் சொல்லி
முழு அலகு நடத்தியிருந்தேன்.

"எழுத்த இவ்வளவு அழகா இடம் விட்டு வைக்கிய மிஸ்,
பைக்குல போறவன் நின்னா வாசிப்பான்?"
நெருக்கினேன்.
அவன் தோற்ற தாளில்
சிவப்பு மையில் நான் வட்டமிட்ட அதே நெருக்கம்.

கடைசி நாள் மதிப்பீட்டுப் படிவம்.
வருகை: நன்று. நடத்தை: நன்று.
தொழில்திறன் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"இதுல பாஸ் மார்க் எவ்வளவு மிஸ்?"
நாற்பது என்றேன்.
என்னவோ எழுதி
உறையில் போட்டு ஒட்டினான்.
ஒட்டிய பிறகு மறுபடி ஒருமுறை அழுத்தினான்.

பத்தும் சேர்ந்தது.
இன்னும் ஒன்று பாக்கி.

சனிக்கிழமை மத்தியானம் ஷாஜின் கூப்பிட்டான்.
"திருவிழா சீசன் மிஸ், ஆள் பத்தல.
மார்க் ஒண்ணும் கெடையாது,
மணிக்கு நூத்தம்பது தரலாம்."
மகள் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
எந்த எழுத்துரு
என்று மட்டும் கேட்டேன்.