ஒரு விரல் கறுப்பு

எங்கள் மொழியில் வட்டில் எழுதுவது என்றும் சொல்வோம்,
கருக்குவது என்றும் சொல்வோம்.
அந்த டிசம்பரில் நான் கருக்கியதுதான் அதிகம்.

ஹாப்சாலுவில் கடல் கெட்டியாகிக் கிடந்தது.
சமையலறை மேசையில் கணினி,
அதன் விசிறி இரைச்சலுக்கு மேலே ரீனாவின் குரல்:
"படுக்க வரப்போகிறாயா இல்லையா, ஐவர்?"

முதல் வட்டு நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றுபோனது.
இரண்டாவதில் படத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது பேச்சு;
ராஸ்மஸ் வாயை மூடிய பிறகு சிரித்தான்.
மூன்றாவதை எழுதிவிட்டு மூட மறந்தேன்.
கணினி அதை ஏற்றுக்கொண்டது.
டிவிடி பெட்டியோ
வாசலில் நின்ற அந்நியனைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்து
வெளியே தள்ளியது.

"கெட்டதையெல்லாம் நூலில் கோத்து வை" என்றாள் ரீனா,
"கோடையில் செர்ரி மரத்தில் தொங்கவிடலாம்,
பறவை அண்டாது."

ஏழாவது ஓடியது.
பதினான்கு கேசட், ஆறு வருடம், ஒன்றரை மணி நேரம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு
ரத்த சாசேஜும் புளித்த முட்டைக்கோசும் முடிந்து
எல்லோரும் பழைய தொலைக்காட்சிக்கு முன்னால்.
சௌனா கட்டிய கோடை.
ராஸ்மஸின் முதல் சைக்கிள், விழுந்தது, மறுபடி விழுந்தது.
நோவாரோட்சிக்குப் பனிப்பாதை திறந்த காலை,
கடல்மேல் எங்கள் கார்.
மச்சினி மாரிக்கா கைதட்டினாள்.

நடுக்கோடை நெருப்பு வந்தபோதுதான் பார்த்தேன்.
அன்று ஐந்து பேர் போயிருந்தோம்.
கேமரா என் கையில்; மிச்சம் நால்வர்.
திரையில் மூன்று பேரும்
வலப்பக்கம் ஒரு சட்டைக் கையும்.

பனிப்பாதையில் ஒரு சிவப்பு உறை.
சௌனாவில் ஒரு முழங்கை.

"ஹெலெரி, அன்றைக்கு நீ எங்கே போயிருந்தாய்?"
என்று ரீனா கேட்டாள்.
மாண்டரின் உரித்துக்கொண்டிருந்தவள்
தோலைக் கிழியாமல் ஒரே சுருளாக எடுத்து முடித்துவிட்டுச் சொன்னாள்:
"இருந்தேன்."

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது.

எல்லோரும் தூங்கியபின் கணினியைத் திறந்தேன்.
இருந்தாள். முழுசாக.
எல்லாப் படத்திலும், விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி,
தன்னையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்களா என்று தெரியாதவர்கள்
நிற்கும் இடத்தில்.
தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு பழக்கம்:
நாலு ஓரத்தையும் கண்ணாடிக்குப் பின்னால் மடித்துக்கொள்ளும்.
கடையில் விற்றவன் சொல்லவில்லை.
பெட்டியைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு கேசட்டாகப் பார்த்தேன்.
திட்டு மூன்றாவது கேசட்டோடு நின்றுவிட்டது.
ராஸ்மஸ் எங்கே ஓடினாலும்
என் கை அவனோடு ஓடியிருந்தது.

படத்தைத் தொண்ணூறாகச் சுருக்கினேன்.
சுற்றிலும் ஒரு விரல் கறுப்பு வைத்தேன்,
பெட்டி தின்பதற்கு.
ஆறு மணி பத்து நிமிடம் ஆகும் என்றது கணினி.
ஆகட்டும் என்று அடுப்புக்கு விறகு போட்டேன்.

விடியவில்லை. டிசம்பரில் இங்கே ஒன்பதுக்குத்தான் விடியும்.
சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டேன்.
கறுப்பு முழுவதையும் பெட்டி விழுங்கிக்கொண்டது,
ஒரு கோடுகூட வெளியே தெரியவில்லை.
நெருப்புக்கு முன்னால் நால்வர்.

பல் தேய்த்தபடி வந்த ஹெலெரி நின்றாள்.
"படம் சின்னதாகிவிட்டதா?"
"கொஞ்சம்."
சோபா முழுக்கக் காலியாக இருந்தது.
அவள் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"பின்னால் போ. இன்னும் கொஞ்சம். அங்கே நிறுத்து."
வாயில் நுரையோடு குனிந்து பார்த்தாள்,
தன்னை அல்ல,
தனக்கும் அந்தப் பக்கம்.
"முரி அங்கேதான் நின்றது."

முரி மார்ச்சில் செத்துப்போனது.
கணினியில் இருக்குமா என்று கேட்டாள்.
கேசட்டிலேயே இல்லை என்றேன்.

மறுபடி ஓடவிட்டேன்.
அவள் கையிலிருந்து புறப்பட்ட கயிறு
படத்தின் கடைசி வரை போயிற்று.
நெருப்பு எரிந்து முடியும்வரை
அந்தப் பக்கத்திலிருந்து யாரோ
அதை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.