பொய்த் திறப்பு

சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து
பாகலூர் ரோட்டு அறைக்கு வந்தால்
சோற்றுக்கு முன்னால் ஒரு பூட்டு.
தேய்த்து வளைத்த ஹாக்சா பிளேடு ஒரு கையில்,
லாரி வைப்பரிலிருந்து உருவிய தகடு மறுகையில்.

மாஸ்டர் லாக் மூன்றாம் நம்பர்
காது கொடுப்பதற்குள் வாய் திறந்துவிடும்.
கோத்ரெஜ் நவ்தால் அப்படியில்லை.
ஏழு லீவரும் ஏழு சம்பந்தி,
ஒன்றைச் சமாதானப்படுத்தினால்
இன்னொன்று முறுக்கிக்கொள்ளும்.
அப்லாய் வாங்கியதில் கால் மாதச் சம்பளம் போனது.
ஸ்பிரிங்கே இல்லாத பூட்டு;
இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அமெரிக்கன் லாக்தான் பொய் சொல்லும்.
உருளை கொஞ்சம் சுழன்று
முடிந்தது என்று நம்பவைத்து
அங்கேயே நின்றுவிடும்.
மேலே போக வேண்டுமென்றால்
பிடியைத் தளர்த்த வேண்டும்,
சேர்த்ததெல்லாம் விழுந்துவிடுமோ என்று
வயிறு கலங்க.

போன ஞாயிறு
கீழ்வீட்டு திம்மக்கா வாசலில் அலறினாள்:
பால் அடுப்பில், சாவி சந்தையில் எங்கேயோ.
பேர் தேய்ந்துபோன பித்தளைப் பூட்டு.
நாற்பது விநாடி.
ஓடிப்போய் கேஸை அணைத்தாள்,
என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்,
கருகல் வாசத்தோடு காபி கொடுத்தாள்.

மறுநாள் அவள் கதவில்
இரண்டு பூட்டு.

தப்பில்லை.
அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
ஷிப்டுக்கு இறங்கும்போது
முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறேன்,
ஆனாலும்
கண் போய்விடுகிறது,
புதுசு எந்தக் கம்பெனி?