ஒரே தளம்

நஸ்ரீன் போட்டது ஒரே ஒரு கோடு,
டிரேசிங் தாளில், கூர்சீவிய பென்சிலால்.
கூடத்தின் கடப்பா கல்
கண்ணாடிக் கதவைத் தாண்டி அப்படியே போய்
புன்னையின் அடியில் நிற்க வேண்டும்.
படி கிடையாது. நிலைப்படியும் கிடையாது.
"வீடு எங்கே முடிகிறதென்று
கால் கேட்கவே கூடாது."

கொட்டிவாக்கம், கடலிலிருந்து மூன்றாவது தெரு.
கிழக்குச் சுவரை இடித்த அன்று
தூசு அடங்கியதும் பார்த்தோம்:
பன்னிரண்டு வருஷமாய்
எங்கள் டிவிக்குப் பின்னால்
ஒரு நந்தியாவட்டை பூத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு கழித்தல் கணக்கு.
ஷோகேஸ் போனது. அதற்குள்ளிருந்த
பித்தளை ஒட்டகம், ஒருநாளும் பிரிக்காத டின்னர் செட்,
யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த ஏழு குங்குமச் சிமிழ் போயின.
சோபாவை வாங்க மடிப்பாக்கத்திலிருந்து வந்தவர்
இருக்கையின் இடுக்கில் கையை விட்டு
எண்பத்தாறு ரூபாய் சில்லறையும்
ஒற்றைக் கம்மலும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.
அதன் ஜோடியை
போன மாசம்தான் உருக்கக் கொடுத்திருந்தேன்.

குணசீலன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்,
பச்சை பிளாஸ்டிக் வாளியைத் தவிர.
"தண்ணி வராத அன்னிக்கு
உன் வெறுமையையா மொண்டு குளிப்பேன்?"

இப்போது ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு.
காலை ஏழு மணிக்கு
மேற்குச் சுவரில் புன்னை தன்னை மாட்டிக்கொள்ளும்,
ஏழே முக்காலுக்குக் கழற்றி எடுத்துப் போய்விடும்.
ஆணி அடிக்கவில்லை.

தோட்டத்திடம்தான் யாரும் சொல்லவில்லை
குறைத்துக்கொள்ளும்படி.
ஒரு காய் போதுமென்றால் நூறு உதிர்க்கிறது புன்னை.
கல்லிடுக்கு ஒவ்வொன்றிலும் குப்பைமேனி, கீழாநெல்லி.
இருக்கிற ஒரே விளக்கின் குடைக்குள்
தேங்காய் நாரைத் திணிக்கிறது அணில்.
ஆறு மணிக்குக் கதவைச் சாத்தாவிட்டால்
கொசு.
உப்புக் காற்றோ
கீல் கீலாகத் துருவை எழுதிச் செல்கிறது.

நஸ்ரீனின் கோட்டுக்கு நட்டநடுவில்
சம்ப் மூடி.
அதே கல்லை மேலே பதித்து ஒளித்திருந்தாள்.
செவ்வாய்தோறும் டேங்கர் லாரியின் மோசஸ்
அதைத் திறந்து குழாயை இறக்குவார்.
ஒருநாள் ரசீதில் கையெழுத்துக்காக
ஈரச் செருப்போடு நடந்தவர்
பெஞ்சைக் கடந்து அடுப்படிவரை வந்து
தலைக்கு மேல் ஃபேன் சுற்றுவதைக் கண்டு
திடுக்கிட்டு நின்றார்.
"ஐயோ, இது உள்ளயா மேடம்?"

அன்று சாயங்காலம் நஸ்ரீனுக்கு போன் செய்து
ஜெயித்துவிட்டாய் என்றேன்.

ஐப்பசி மழை மூன்றாம் இரவு, கரண்ட் இல்லை.
வீடு எங்கே முடிகிறதென்று
தண்ணீரும் கேட்கவில்லை.
ஒரே தளம் அல்லவா,
மெல்லப் பரவி, பெஞ்சுக் காலை நனைத்து,
கணுக்காலில் நின்றது.
பச்சை வாளியால் மொண்டு மொண்டு
வெளியே கொட்டினான் குணசீலன்.
வெளியே என்பது எதுவென்று
இருட்டில் இருவருக்கும் தெரியவில்லை.

விடியுமுன் நீர் வடிந்திருந்தது.
டார்ச் வெளிச்சத்தில், கூடத்தின் நடுவே
ஒரு தேரை.
சுவரோரம் தத்தியது. மூலைக்குப் போனது, திரும்பியது.
அலமாரி அடியைத் தேடியிருக்கும்.
ஒரு கால்மிதி, ஒரு செருப்பு, ஒரு பழைய பேப்பர்க் கட்டு,
எதுவும் இல்லை.
அவ்வளவு சுத்தமாக நாங்கள் துடைத்து வைத்திருந்த வெறுமையில்
மேலும் கீழும் அதன் தொண்டை மட்டும்
அடித்துக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்துவிட்டேன். போகவில்லை.
வெளியில்தான் இருக்கிறோமென்று
அதுவும் நினைத்திருக்கலாம்.

வாளியைக் கவிழ்த்து
ஒரு பக்கம் புன்னங்காயால் முட்டுக் கொடுத்தேன்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஏழு மணிக்கு
குளிக்க வாளி எங்கே என்றான் குணசீலன்.

சொம்பைக் கொடுத்தேன்.