முப்பத்தொன்பது

டிசம்பரில் தொடங்காதே என்று
விற்றவன் சொல்லியிருக்கலாம்.
நானூறு குரோனரை இரண்டு தரம் எண்ணினான்,
கேமராவை மீன் பொட்டலம் போல
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

இங்கே வார்டோவில்
நவம்பர் கடைசியில் இறங்கிப் போகும் சூரியன்
ஜனவரி பாதி கழிந்துதான் வரும்.
நடுவில் கிடைப்பது
மதியத்தில் கொஞ்ச நேரம்
பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நீலம்.

விதிகளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
நாளைக்கு ஒரு படம். இரண்டாவது கிடையாது.
விட்டுப்போன நாளுக்கு மறுநாள் ஈடு கிடையாது.
கீழே கையெழுத்து வேறு,
யாரோ என்மேல் வழக்குப் போடப் போவது போல.

பதின்மூன்றாம் தேதி, பனி அள்ளும் மண்வெட்டி.
பதினான்கு, நண்டு ஆலைக் கம்பியில் காயும் ரப்பர் கையுறைகள்;
ஏனோ எல்லாமே இடது கை.
பதினைந்து நினைவில்லை.
பதினாறில் ஒளிமானியின் முள்
படுத்த இடத்தை விட்டு எழவே இல்லை.
திறப்பை ஒரு விநாடிக்கு வைத்து
காரின் கூரையில் முழங்கையை ஊன்றி
மூச்சைப் பிடித்தேன்.
அழுத்திய பிறகு தெரிந்தது,
இஞ்சினை அணைக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி இரவு
பன்னிரண்டடிக்க ஏழு நிமிடம் இருக்கையில்
கட்டிலிலிருந்து குதித்தேன்.
கைக்கெட்டிய வெளிச்சம் குளிர்பெட்டிக்குள் மட்டும்.
ஆகவே அன்றைய வரலாறு
பாதி வெண்ணெய், ஒரு எலுமிச்சை,
மூடி தொலைந்த கடுகுக் குப்பி.

"காட்டேன், எது நல்லா வந்திருக்கு?"
ஆலையில் எதிரே நிற்கும் அஸ்லாக் கேட்டாள்.
தெரியாது என்றேன்.
"போன்ல எடுத்தா உடனே தெரியுமே."
"அதனாலதான்."
அன்று மாலைவரை நண்டுக் கால்களை உடைத்துக்கொண்டே
அந்த 'அதனாலதான்' எதனால் என்று
தேடிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி மூன்று.
காலையிலேயே குப்பைத்தொட்டிமேல் உட்கார்ந்த கடற்புறாவுக்கு
அன்றைய படத்தைச் செலவழித்துவிட்டேன்.
இரவு ராங்க்வால்டின் படகு வந்தது,
மூன்று நாள் தாமதமாக.
துறை விளக்கின் அடியில் ஒட்னி,
குளியல் அங்கிமேல் கம்பளி, காலில் அவனுடைய பூட்ஸ்.
கையசைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
அவன் கரையில் கால் வைத்ததும் போய்
கோட்டுப் பொத்தான்களைப் போடத் தொடங்கினாள்.
மாற்றிப் போட்டுவிட்டாள். எல்லாவற்றையும் கழற்றினாள்.
மேலிருந்து திரும்பவும், ஒவ்வொன்றாக.
அவன் குழந்தைபோல முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

என் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.
அந்த நேரத்தில் எந்த மடையன் விதியை நினைப்பான்?
நான் நினைத்தேன்.
கைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு
பார்த்தேன், வேறு வழியில்லாமல், முழுசாக.

மறுநாள் அதே விளக்கடிக்குப் போய்
ஆளில்லாத தரையை எடுத்து வந்தேன்.
ஏமாற்றுதான். ஆனால்
கதவில் அதற்குத் தடை எழுதியிருக்கவில்லை.

முப்பத்தாறுக்குத்தான் சுருள்.
முப்பத்தேழும் நகர்ந்தது; சில சுருள்களில் அப்படி வருமாம்.
முப்பத்தெட்டுக்கும் நெம்புகோல்
வெண்ணெயில் கத்தி போல வழுக்கிப் போனதில்
வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது.

முப்பத்தொன்பதாம் நாள்
கோட்டையில் பீரங்கி வெடித்தது.
கடல்மேல் முழு வட்டமாகச் சூரியன்.
பள்ளிக்கூடம் விடுமுறை; பிள்ளைகள் தெருவில்
கண்ணை இடுக்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.
எடுத்தேன். நகர்த்தினேன்.
கையேட்டின் எட்டாம் பக்கத்தில்
போன வாரமே படித்திருக்க வேண்டிய ஒரு வரி:
சுருள் மாட்டிக்கொண்டிருந்தால்
நகர்த்தும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுற்றும்.

சுற்றவில்லை.

கேமராவின் முதுகைத் திறந்தேன்.
நாக்கை மட்டும் நீட்டிக்கொண்டு
டப்பாவுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது சுருள்.
மண்வெட்டி, இடது கைகள், வெண்ணெய்,
ஒட்னியின் பொத்தான்கள் —
எடுத்ததும் எடுக்காததும் இப்போது ஒரே வரிசையில்.

நாக்கைப் பல்சக்கரத்தில் மாட்டினேன்.
மூடினேன். குமிழ் சுற்றியது.
முன்னால் சூரியன் இன்னும் இருந்தது.
ஆனால், இன்றைக்கு ஒரு தரம் அழுத்தியாகிவிட்டதே?

வாயில் பன்னோடு அஸ்லாக் கேட்டாள்,
"அப்ப இன்னைக்கு எடுத்தாச்சா, எடுக்கலையா?"