இருபத்தேழாம் நாள்

காலை ஆறுக்கு முன் தட்டக் கூடாது.
பூட்டை உடைக்கக் கூடாது, யன்னலால் ஏறக் கூடாது.
பிள்ளை மட்டும் நிற்கிற வீடென்றால்
வாசலோடு திரும்ப வேண்டும்.
சோதினைக்கு இவற்றைப் பாடமாக்கிய இரவு
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் கதவை உடைத்து வந்தவர்கள்
எந்தச் சோதினை எழுதினவர்கள்?

டிட்வேர்த். பட்டாளத்து ஊர்.
ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடுகள்,
புல்லைக்கூட அளவெடுத்து வெட்டியிருக்கிறார்கள்.
ஏழு மணி பத்து.
மூன்று தரம் தட்டினேன், மெதுவாக.
பட்டாளக்காரன் வீட்டுக் கதவை
நான் தட்டுவது இது முதல் தரம்.

திறந்தவள் மெரெசெய்னி, பிஜிக்காரி,
கையில் பாதி வெண்ணெய் பூசின பாண்.
கணவன் செவுலோனி எஸ்தோனியாவில்
பனிக்குள் காவல் நிற்கிறான்.
கடன் நாலாயிரத்து முந்நூறு பவுண்.
விசாவுக்கு எடுத்தது:
இந்த நாட்டுக்காகத் துவக்குத் தூக்குகிறவன்
தன் மனிசியையும் இரண்டு பிள்ளைகளையும்
இந்த நாட்டுக்குள் கொண்டுவர
இந்த நாட்டுக்கே கட்டின காசு.
வட்டி தன்பாட்டில் குட்டி போட்டது.

என் கையில் உத்தரவு.
வாசலில் வெள்ளி நிற ஆஸ்ட்ரா,
பின்சீட்டில் குழந்தைக் கதிரை.
சில்லுப் பூட்டு என் வானுக்குள்.

அவள் கத்தவில்லை. உள்ளே போய்
குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த
கடதாசியைக் கழற்றி வந்தாள்.
மூச்சு விட ஓர் இடைவெளி,
இந்த நாட்டில் அந்தச் சட்டத்துக்கு அப்படித்தான் பேர்.
அறுபது நாள்.
வட்டி ஏறக் கூடாது. கடிதம் வரக் கூடாது.
என்னைப் போல் ஒருவனும் வரக் கூடாது.
ஓரத்தில் பென்சில் கோடுகள்,
ஐந்தைந்தாய்க் கட்டி எண்ணியிருந்தாள்.
"இன்று இருபத்தேழு."

கந்தோருக்கு எடுத்தேன்.
மறுமுனையில் யாரோ தட்டச்சுச் செய்தார்கள்.
"ஓ, கணினியில் இருக்கிறதுதான். ஒருத்தரும் பார்க்கவில்லை.
விட்டுவிட்டு வா."

அறுபது நாள்.
எங்களுக்கு ஒலிபெருக்கியில் ஒரு பின்னேரம் தந்தார்கள்.
அம்மா தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிப் பார்த்தா,
அவிழ்த்தா, திரும்பவும் கட்டினா.
தொழில் செய்யும் கருவியை எடுக்கக் கூடாதென்று
இங்கே ஒரு விதி இருக்கிறது, ஒரு தொகை வரைக்கும்.
அந்தப் பக்கத்தைப் படித்த அன்று
புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அவள் என் சட்டையில் தொங்கிய அட்டையை வாசித்தாள்.
"அருளம்பலம். சிங்காதோக்காவில்
கரும்பு வெட்டினவர்களிடம் இப்படிப் பேர்கள் இருந்தன."
நான் பதில் சொல்ல வாயெடுக்க
சமவெளியில் பீரங்கிப் பயிற்சி தொடங்கியது.

முதல் வெடி. யன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.
எப்போது குந்தினேனென்று தெரியாது.
உத்தரவு என் தலைக்கு மேல், குடை மாதிரி.
நிமிர்ந்தால்,
அவளின் சின்னவன் எனக்கு முன்னால்
பாணைத் தலைக்கு மேல் பிடித்தபடி குந்தியிருக்கிறான்,
விளையாட்டென்று நினைத்து.

அவள் சிரிக்கவில்லை.
"செவ்வாய்க்கிழமைகளில் சுடுவார்கள்" என்றாள்,
தானே சுட்டுவிட்டவள் போல.
கதவைச் சாத்துமுன்
தண்ணி வேணுமா என்றும் கேட்டாள்.
வேண்டாமென்றேன். வேணும்தான்.

வானுக்குள் இருந்து படிவத்தை நிரப்பினேன்.
வருகையின் பலன்: இல்லை.
காரணம்: சட்டம்.
அனுப்பின உடனேயே கைபேசி
அடுத்த தேதியைக் காட்டிற்று,
முப்பத்துநாலு நாள் தள்ளி, என் பேரிலேயே.

அன்றைக்கு நான் லீவு கேட்கலாம்.
கேட்டால் வேறொருவன் வருவான்.
நல்லவனாகவும் இருப்பான்,
ஆறு மணிக்குப் பிறகுதான் தட்டுவான்.