கொண்டல்

டுலூத் நகரில் அந்தக் குளிர்காலத்தில்
மேகம் வாடகைக்குக் கிடைத்தது.
ஐலா கார்வோனென் தன் கடன் அட்டை எண்ணைத் தட்டினாள்.
முன்பணமில்லை, கையெழுத்தில்லை,
எதிரில் உட்கார்ந்து தலையாட்ட ஒரு முகமும் இல்லை.

அதுவரை அவளுடைய நாய்கள்
மாடிப்படிக்குக் கீழே, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே
ஒரு பழைய கணினியில் இருந்தன.
தொலைந்த நாய்கள். மூவாயிரத்துச் சொச்சம் படங்கள்.
படகு முனையில் நின்றது ஒன்று,
கிறிஸ்துமஸ் தொப்பி மாட்டியதில் கூசிப்போனது ஒன்று,
என்ன இனமென்று
வளர்த்தவருக்கே தெரியாதவை பாதி.
நான்கு பேர் ஒரே நேரத்தில் தேடினால்
விசிறி அலறும், இயந்திரம் கொதிக்கும்.
அவள் இறங்கிப் போய்ப் பக்கத் தகட்டைக் கழற்றுவாள்,
காய்ச்சல்காரனின் சட்டைப் பொத்தானைத் தளர்த்துவதுபோல்.

ஜனவரியில் நாய்களை மேலே அனுப்பினாள்.
ஒன்பது இரவுகள் ஆயின; கம்பி அவ்வளவு மெல்லியது.
ஏரி உறைந்திருந்தது.
தாதுக் கப்பல்கள் துறையில் கட்டுண்டு கிடந்தன.
ஊரில் நகர்ந்தது
அவள் திரையின் நீலப் பட்டை ஒன்றுதான்.

மாத முடிவில் பில் வந்தது: பதினான்கு சென்ட்.
இரண்டு முறை படித்தாள்.
ஒரு நாய் பிஸ்கட்டுக்குக் காணாத காசில்
மூவாயிரம் நாய்களுக்கு வீடு.
"எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்றான் கணவன் ஆர்லன்.
"வர்ஜீனியாவில் என்று நினைக்கிறேன்."
"நினைக்கிறாயா?"

பழைய கணினியை அணைத்தாள்.
முதலில் அறிந்தது பூனை.
நான்கு ஆண்டுகளாக அதன் மேல் தூங்கிய பூனை
தகரத்தை முகர்ந்து, சுற்றிவந்து, மறுபடி முகர்ந்து
அவளை நிமிர்ந்து பார்த்தது,
சூட்டை எங்கே வைத்தாய் என்பதுபோல்.

மேகம் என்கிறார்கள் இதை.
தமிழில் அதற்கு எத்தனையோ பெயர்;
எனக்குப் பிடித்தது கொண்டல்.
கொண்டது, அதனால் கொண்டல்.
கொண்டதைத் திருப்பித் தரும் என்று
அந்தச் சொல் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மார்ச்சில் ஒரு செவ்வாய், காலை ஏழரைக்கு
பக்கம் திறந்தது, நாய்கள் இல்லை.
நாய் இருந்த இடமெல்லாம் ஒரு வெற்றுச் சதுரம்,
மூலையில் சிவப்பாய் ஒரு பெருக்கல் குறி.
ஏற்கெனவே தொலைந்தவை
இன்னொரு முறை தொலைந்தன.
யாரைக் கூப்பிடுவது? எண் கிடையாது.
"கவனத்துக்கு வந்துள்ளது" என்றது
கம்பெனியின் ஒற்றை வரி.
யாருடைய கவனம் என்று சொல்லவில்லை.

ஆனால் சதுரங்களுக்குள் சின்ன எழுத்தில்
சொற்கள் தெரிந்தன.
பார்வையில்லாதவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்டட்டும் என்று
ஒவ்வொரு படத்துக்கும் பின்னால்
அவளே என்றோ தட்டிவைத்தவை.
தொலைபேசியில் அழுதபடி சொன்னவர்களிடம் கேட்டு,
சில நாள் சலித்துக்கொண்டு:
"பழுப்பு. இடக்காது நுனி கிழிந்தது.
சைக்கிளைக் கண்டால் உட்கார்ந்துவிடும்."

முப்பது கிலோமீட்டர் தள்ளி, க்ளோக்கே ஊரில்
வெர்ன் பெலாஞ்சர் காகித ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தார்.
பதினொரு நாளாக அவர் கொட்டகையில் ஒரு பழுப்பு நாய்.
தினமும் படங்களைப் புரட்டியவர்தான்.
இந்தப் படத்தையும் தாண்டிப் போனவர்தான்;
படத்தில் அது குட்டி, காது முழுசு.
அன்று பார்க்க ஒன்றுமில்லாததால்
படித்தார்.
பூட்ஸைக் கழற்றாமலே எழுந்து போய்
மகளின் சைக்கிளைப் பனியில் உருட்டிக்கொண்டு வந்தார்.

நாய் உட்கார்ந்தது.

மதியம் ஒரு மணிக்குள் படங்கள் திரும்பிவிட்டன,
எதுவும் நடக்காததுபோல், தொப்பியும் படகுமாக.
அடுத்த பில்லில் பதிமூன்று சென்ட்.
தடங்கலுக்கு வருந்தி
ஒரு சென்ட் கழித்திருந்தார்கள்.

அன்றிரவு ஐலா டார்ச்சோடு படிக்குக் கீழே இறங்கினாள்.
"பிரதி ஒன்று இங்கேயும் இருக்கட்டும்,"
யாரும் கேட்காமலே சொன்னாள்.
பொத்தானை அழுத்தினாள். விசிறி இருமியது, சுழன்றது.
தகரம் சூடாக இன்னும் அரை மணி ஆகும்.
பூனை வந்து படுத்தாயிற்று.